கிற்றார் கேள்வி பதில்: பழைய பிக்கப்பா, புதுசா?

போன மாதம் தந்தி மாற்றுவதைப் பற்றி எழுதப்போய், கடைசியில் பிக்கப் (மின்சாரக் கிற்றாரில் தந்திக்குக் கீழே இருந்து அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற சாமான்) பற்றி ஒரே ஒரு வரி விட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். ஆகவே இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழுக்கப் பிக்கப் கதைதான். ஒரு சின்ன விஷயம்: நான் "கொயில்" என்று எழுதிக் கொடுத்தால் அச்சில் "கோயில்" ஆகிவிடுகிறது, ஆகவே சுருள் என்றே எழுதுகிறேன்.

கேள்வி (கல்லடி): அண்ணா, ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஆடி மாதம் ஊருக்கு வருகிறார். என் ஸ்ராற்றுக்கு (ஃபெண்டர் கம்பனியின் ஸ்ராற்றோகாஸ்ரர், மூன்று பிக்கப் உள்ள கிற்றார்) பிக்கப் வாங்கி வரச் சொல்லலாம். அறுபதுகளில் செய்த பழைய செற் ஒன்று அங்கே ஒருவரிடம் இருக்கிறதாம், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்தக் காசுக்குப் புதுசு நாலைந்து செற் வாங்கலாம். ஆனால் பழசில்தான் அந்த மணிச்சத்தம் வரும் என்று எங்கள் குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: மாமாவிடம் பழசு வேண்டாம் என்று சொல்லிவிடுங்க தம்பி. காரணத்தை மறுகா சொல்கிறேன், முதலில் சாமான் என்னவென்று பார்ப்போம். ஸ்ராற் பிக்கப்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் ஆறு காந்தக் குச்சிகள், மேலும் கீழும் இரண்டு மட்டைகள், நடுவில் செப்புக் கம்பி, அவ்வளவுதான். கம்பியின் தடிப்பு ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரிவதே பெரிய காரியம். அதை 8,000 சுற்று அளவில் சுற்றியிருப்பார்கள், பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1954 இல் ஸ்ராற் சந்தைக்கு வந்தபோதும் இதுதான் வேலை, இன்றைக்குக் கொழும்பில் கடைச் சுவரில் தொங்குகிற ஸ்ராற்றிலும் இதுதான்.

அப்படியென்றால் பழசில் என்னதான் இருந்தது? குறைவாகச் சுற்றினார்கள், அதுதான் முதல் காரணம். சுற்றுக் குறைந்தால் சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் மேல் சுரங்களெல்லாம் மறைக்காமல் வெளியே வரும், நீங்கள் மணிச்சத்தம் என்று சொல்வது அதைத்தான். அடுத்தது காந்தம்: அலுமினியம், நிக்கல், கோபால்ற் கலந்த அல்னிகோ. அப்புறம் கை. ஃபெண்டர் தொழிற்சாலையில் மெஷின் சுற்றினாலும் கம்பியை வழிநடத்தியது பெண்களின் விரல்கள்தான். அபிகெயில் இபாரா என்ற பெண்மணி அங்கே பல பத்தாண்டுகள் சுருள் சுற்றியே பெயர் பெற்றவர். கை என்றால் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. ஒரே வருடத்து இரண்டு பிக்கப்பில் ஒன்று தேனாகவும் மற்றது வெறும் தகரமாகவும் இருப்பதுண்டு. பழசு என்று காசு கொடுத்தால் எது கிடைக்கும் என்பது உங்கள் ராசி.

காந்தம் வயதாகி இளகிவிடும், அதனால்தான் பழசு இனிமை என்று ஒரு கதை உலாவுகிறது. அல்னிகோ காந்தம் தன்பாட்டில் வருடக்கணக்காகக் கிடந்து இழப்பது மிகக் கொஞ்சம். பெரிய ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் சாய்த்து வைத்தாலோ, வேறு பலமான காந்தத்தோடு உரசினாலோதான் கெடும்.

எழுபதுகளில் வந்தது வேறு ரசனை. அம்பை, அதாவது கிற்றார் ஒலிபெருக்கியை, திணறடித்து இரைய வைக்க வேண்டும் என்று றொக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். 1972 இல் லாரி டிமார்சியோ "சூப்பர் டிஸ்டோர்ஷன்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார். செரமிக் காந்தம், மிக அதிகச் சுற்று. கிற்றார்க் கம்பனி போட்டுத் தந்ததைக் கழற்றிவிட்டு வெளியாள் செய்த பிக்கப்பை மாட்டுகிற பழக்கம் அதோடுதான் பரவியது. "புது பிக்கப் காட்டுத்தனம்" என்று உங்கள் குழுவில் சொல்கிறவர்கள் மனதில் வைத்திருப்பது இந்த வகையை. ஆனால் இன்றைக்கு நேற்றுச் செய்த பிக்கப்பையும் ஐம்பதுகளின் கணக்குப்படியே, அதே கம்பி அதே காந்தத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஆகவே பிறந்த வருடத்தைக் கேட்காதீங்க, என்ன காந்தம், எத்தனை சுற்று என்று கேளுங்க. மாமாவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியது: அல்னிகோ 5 வகைக் காந்தம், ஒவ்வொன்றிலும் கம்பியின் மின்தடை 6 கிலோ ஓம் அளவில், நடு பிக்கப் எதிர்ப்பக்கம் சுற்றியது. நடு ஏன் எதிர்ப்பக்கம் என்பது கீழே இரைச்சல் கேள்வியில் வருகிறது.

அதுவரை காசில்லாத வேலை ஒன்று. கடைசிக் கட்டையில் (ஃபிரெட்டில்) தந்தியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காந்தத்துக்கும் தந்திக்கும் இடைவெளியைப் பாருங்க. தடித்த தந்திப் பக்கம் 2.5 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 2 என்று வைத்துத் தொடங்கி, திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக் கேளுங்க. என்னிடம் வருகிற ஸ்ராற்றுகளில் பாதிக்கு மேல் பிக்கப் தந்தியை முட்டுகிற மாதிரி உயர்ந்து நிற்கும். சத்தம் கூடட்டும் என்று ஆரோ ஏற்றி வைத்திருப்பார்கள். காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சுரம் இரட்டையாக ஆடும், எந்த ரியூனராலும் சரிவராது. இறக்கிவிட்டதும் "அண்ணா, பிக்கப் மாற்றினீங்களா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (கல்முனை): நல்ல காசு கொடுத்துப் புது பிக்கப் போட்டேன். வீட்டில் அம்பில் நல்லாயிருக்கிறது. மேடையில் போர்வையால் மூடின மாதிரி. பழைய வகை வாங்கியிருக்கலாமோ?

பதில்: மேடையில் எதில் குத்துகிறீர்கள் என்று எழுதவில்லையே. நேராக மிக்ஸரில், லைன் ஓட்டையில் குத்துகிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். நம்முடைய பக்கத்துக் கோயில் திருவிழா, கலியாண வீடு எல்லாவற்றிலும் ஒலிபெருக்கிக்காரர் ஒரு நீள வயரை நீட்டி "இதில போடுங்க தம்பி" என்பார், நாமும் போடுவோம். பற்றரி இல்லாத சாதாரண பிக்கப்புக்கு எதிரே 10 இலட்சம் ஓம் அளவில் தடை இருக்க வேண்டும், கிற்றார் அம்ப் அப்படித்தான் செய்யப்பட்டது. மிக்ஸரின் லைன் ஓட்டையில் இருப்பது பத்தாயிரம் இருபதாயிரம் ஓம். அது உங்கள் பிக்கப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பிடிக்கிற மாதிரி, மேல் சுரம் முழுக்கச் செத்துப்போகும். அந்த இடத்தில் 1959 ஆம் ஆண்டுப் பிக்கப்பைக் கொண்டுவந்து மாட்டினாலும் அதே போர்வைதான்.

இடையில் ஒரு டிஐ பெட்டி (பிக்கப்பின் சத்தத்தை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி), அல்லது எப்போதும் மின்சாரத்தில் இயங்குகிற ஏதாவது ஒரு கால்பெட்டி (பெடல்), மலிவான ஈக்குவலைசர் என்றாலும் சரி, போட்டுவிட்டு அங்கிருந்து மிக்ஸருக்குப் போங்க. சில மிக்ஸர்களில் ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னக் கிற்றார்ப் படம் போட்ட பொத்தான் இருக்கும், அதை அமுக்கினாலும் போதும்.

வயரும் கணக்கில் சேரும். சாதாரண வயரின் மின்தேக்கம் ஒரு மீற்றருக்கு 100 பிக்கோ பரட் அளவில் இருக்கும், அது மேல் சுரத்தைக் குடிக்கும், 10 மீற்றர் என்றால் உங்கள் காதே சொல்லும். பிக்கப் ஆகப் பளிச்சென்று நிற்கிற இடத்தை இது கீழே இழுக்கும்: குறைவாகச் சுற்றிய ஸ்ராற் வகை 4,500 ஹேட்ஸ் பக்கம் பளிச்சென்று நிற்கிறது என்றால், கண்டபாட்டுக்குச் சுற்றிய வகை அதே வயரில் 2,500 பக்கம் இறங்கிவிடும். ஜிமி ஹென்றிக்ஸ் பாவித்த சுருட்டை வயர்கள் இன்னும் மோசம், அவருடைய ஸ்ராற்றின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கியதில் அந்த வயருக்கும் பங்கு உண்டு. அவருக்கு அது பொருந்தியது.

கேள்வி (காரைதீவு): மல்ரிமீற்றரால் அளந்தேன். என்னுடையது 6.2 கிலோ ஓம், நண்பனுடையது 16.4. அவனுடையதுதான் பலமானது, சரியா?

பதில்: அவனுடையதில் கம்பி அதிகம் என்பது மட்டும் சரி. 16.4 என்றதும் எனக்கு சீமோர் டங்கன் கம்பனியின் ஜேபி என்ற பிக்கப்தான் ஞாபகம் வருகிறது, அது ஒரு ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள், உங்களுடையது ஒற்றைச் சுருள். ஒற்றைக்கும் இரட்டைக்கும் ஓம் பார்த்துப் போட்டி வைப்பது மாட்டுவண்டிக்கும் தோணிக்கும் ஓட்டப்பந்தயம். இன்னொன்று, கம்பி இன்னும் மெல்லியதாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே ஓம் ஏறிவிடும். காந்தம் என்ன, உள்ளே இரும்பு எவ்வளவு என்பதை மீற்றர் காட்டவே காட்டாது.

நீங்கள் எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. செப்பின் தடை ஒரு பாகை சூட்டுக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும். கம்பனிக்காரர் குளிரூட்டிய அறையில் 20 பாகையில் 6.0 என்று எழுதி அனுப்பியதை நீங்கள் சித்திரை மாதத்து மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே, 32 பாகையில் அளந்தால் 6.3 காட்டும். இதைத் தெரியாமல் "கூடச் சுற்றியது" என்று இணையத்தில் ஏற்றி விற்றவரையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (புளியந்தீவு): தேவாலயத் திருநாளுக்கு நாங்கள் பைலா வாசிக்கிறோம். ரெலியில் (ஃபெண்டரின் ரெலிகாஸ்ரர் கிற்றாரில்) சத்தம் அருமை, ஆனால் நிறுத்தினால் "ம்ம்ம்ம்" என்று ஒரே உறுமல். அம்ப் மாற்றியும் போகவில்லை. பழைய பிக்கப் என்றால் உறுமுமா, புதுசு உறுமாதா?

பதில்: ஒற்றைச் சுருள் என்றால் 1950 இல் செய்ததும் உறுமும், போன வாரம் செய்ததும் உறுமும். சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை. அம்பின் மின்மாற்றி, ரியூப் லைற்றின் சோக், ஜெனரேற்றர், எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் சேர்த்துக் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேட்ஸ், அது ஏறக்குறைய ஜி சுரம். அமெரிக்காவில் 60 ஹேட்ஸ், அங்கே அதே ரெலி பி சுரத்துக்கு ஒட்டி உறுமும். ஆகவே ஜி ஸ்கேலில் பைலா வாசித்தால் சுருதிப்பெட்டி இலவசம் என்று என்னோடு வாசித்த ஒரு பறங்கிக் கிழவர் சொல்வார். கஃப்றிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் தாளமுமாக வளர்ந்த மனிதர், மின்சாரக் கிற்றாரையே முழுசாக நம்பாதவர்.

இந்த உறுமலைக் கொல்லத்தான் கிப்சன் கம்பனியில் சேத் லவர் என்பவர் 1955 இல் இரட்டைச் சுருளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள், ஒன்றின் காந்த முனையும் சுற்றுத் திசையும் மற்றதற்கு நேர் எதிர். தந்தியின் ஓசை இரண்டிலும் கூடிக்கொள்ளும், வெளியிலிருந்து வருகிற உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் இரட்டைச் சுருளில் மேல் சுரத்தின் கூர்மை கொஞ்சம் போகும், அதற்காகத்தான் உங்களைப் போன்றவர்கள் உறுமலைச் சகித்துக்கொண்டு ரெலியோடு இருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் நான் முழுக்கப் புதுசின் பக்கம். ஒன்றுக்கு மேல் ஒன்றாகவோ பக்கம் பக்கமாகவோ இரண்டு சுருளை ஒற்றைச் சுருளின் உருவத்துக்குள் ஒளித்துவைத்த இரைச்சலற்ற வகைகள் இப்போது நன்றாகவே வருகின்றன. முதலில் வந்தவை உயிரில்லாமல் இருந்தன, இப்போதையவற்றில் மேடைத் தூரத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பவருக்கு இது தேவையில்லை. திருநாள் பந்தலில், நாற்பது ரியூப் லைற்றுக்குக் கீழே, பத்தடியில் ஜெனரேற்றர் நிற்கிற இடத்தில் தேவை.

முதலில் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்க. ஒரு திசையில் உறுமல் அடங்கும், அந்தப் பக்கம் பார்த்து நின்று வாசிக்கலாம். அம்பிலிருந்து தள்ளி நில்லுங்க. செப்புத் தாள் ஒட்டினால் போகுமா என்று பலர் கேட்கிறார்கள்: "ஸ்ஸ்ர்" என்கிற சத்தம், போன் சார்ஜர், லைற் மங்க வைக்கிற சுவிச் தருகிற சத்தம், அது குறையும், அடியில் கிடக்கிற 50 ஹேட்ஸ் உறுமல் போகாது. ஸ்ராற்காரருக்கு வேறு வழி உண்டு, நடு பிக்கப் எதிர்ப்பக்கம் சுற்றியதாக இருந்தால், பிக்கப் தெரிவு செய்கிற சுவிச்சின் இரண்டாம் நான்காம் இடங்களில், நடுவும் பக்கத்ததும் சேர்கிறபோது, உறுமல் அழியும். பழைய ஸ்ராற்றில் அந்த இடங்களே இல்லை. மூன்று இடச் சுவிச்தான், வாசிப்பவர்கள் அதை நடுவில் மாட்டி நிறுத்திப் பிடிப்பார்கள். ஐந்து இடச் சுவிச்சை ஃபெண்டர் போட்டது 1977 இல்தான்.

மறந்துபோகாமல் ஒன்று. தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் அது பிக்கப் பிரச்சினையே இல்லை, பூமிவயர் பிரச்சினை. வாசிப்பதை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்க. 230 வோல்ற்றோடு பைலா வேண்டாம்.

கேள்வி (பொத்துவில்): அறுகம்பேயில் ஒரு வெள்ளைக்காரர் போகும்போது தந்த ஸ்ராற். மூன்றாம் தந்தி மட்டும் கத்துகிறது. காந்தக் குச்சிகள் ஏறி இறங்கி நிற்கின்றன. பழுதா?

பதில்: பழுதில்லை, பழைய கணக்கு. ஐம்பதுகளில் மூன்றாம் தந்தி மேலே கம்பி சுற்றிய தந்தி, சத்தம் குறைவு, அதனால் அந்தக் குச்சியை உயர்த்தி வைத்தார்கள். இன்றைக்கு நாம் போடுவது சுற்றாத வெறும் தந்தி, அது தன்பாட்டிலேயே கத்தும், உயர்ந்த குச்சி அதற்கு ஒலிபெருக்கி பிடிக்கிறது. மொத்தப் பிக்கப்பையும் கொஞ்சம் இறக்குங்க. குச்சியைச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம், பழைய முறையில் கம்பி குச்சியின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கும், குச்சி நகர்ந்தால் உள்கம்பி அறுந்துவிடும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஒருவர் கிற்றார் விற்கிறார். பிக்கப்பின் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஸ்ரிக்கர். அது இருந்தால் இலட்சக்கணக்கில் போகும் என்கிறார்.

பதில்: ஸ்ரிக்கர் மட்டும் தனியாக விற்கிறார்கள் தம்பி, தாள் தாளாக.

உண்மையானது என்னவென்றால், மேலே சொன்ன சேத் லவரின் இரட்டைச் சுருள் 1957 இல் கிப்சன் கிற்றார்களில் ஏறியபோது காப்புரிமை இன்னும் கைக்கு வரவில்லை, ஆகவே அந்த ஸ்ரிக்கர். 1959 இல் காப்புரிமை கிடைத்தது, ஆனாலும் 1962 வரையில் அதே ஸ்ரிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு இலக்கம் போட்ட ஸ்ரிக்கர் வந்தது. அதில் போட்ட இலக்கமோ பிக்கப்பினுடையதே இல்லை, லெஸ் போல் என்ற கிற்றார்க்காரர் செய்த தந்தி தாங்கியின் காப்புரிமை இலக்கம்! போட்டிக் கம்பனிகள் தேடிப்போய்ப் படத்தைப் பார்த்துக் கொப்பியடிக்காமல் இருக்கச் செய்த தந்திரம் என்றும் சொல்வார்கள், வெறும் கவனக்குறைவு என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்துப் பிக்கப்புகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம். சுருளில் இடம் நிரம்பியதும் நிறுத்துவார்கள், கைக்கு எந்த அல்னிகோ அகப்பட்டதோ அதைப் போடுவார்கள், 7 கிலோ ஓமிலும் இருக்கும் 9 இலும் இருக்கும். இரண்டு சுருளும் சமமாக இல்லாததால் உறுமல் முழுக்க அழியாது, ஆனால் அந்தச் சமமின்மையில்தான் மேல் சுரத்தின் மினுக்கம் வருகிறது என்று இப்போதைய கம்பனிகள் வேண்டுமென்றே ஒரு சுருளைக் கூடச் சுற்றுகின்றன. உண்மையான சோடி ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும். உங்கள் விற்பனைக்காரர் அதைக் களுவாஞ்சிகுடிச் சந்தியில் வைத்து விற்க வேண்டிய தேவை என்ன? கிற்றார் நன்றாக இருந்தால் கிற்றாரின் விலையைக் கொடுங்க, ஸ்ரிக்கருக்குக் கொடுக்காதீங்க.

கேள்வி (வாழைச்சேனை): எழுபதுகளின் பிக்கப் ஒன்று திடீரென்று மெல்லிய தகரச் சத்தமாகிவிட்டது. மீற்றர் ஒன்றுமே காட்டவில்லை. காந்தம் போய்விட்டதா?

பதில்: காந்தம் இருக்கும், கம்பி அறுந்துவிட்டது. கடற்கரை ஊர், உப்புக்காற்று. குச்சி கறள் பிடிக்கிறது, அந்தக் கறள் அதை ஒட்டிக் கிடக்கிற முதல் சுற்றுகளைத் தின்றுவிடுகிறது. கல்லடி வாசகரிடம் பழசு வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். குளிர்நாட்டில் அறுபது வருடம் பத்திரமாக இருந்த சாமான் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை மாரி தாங்கும்?

முதலில் வெளியே வருகிற இரண்டு வயரும் சுருளோடு சேரும் இடத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்க. அங்கே அறுந்திருந்தால் அதிர்ஷ்டம், ஈயம் வைத்து ஒட்டலாம். உள்ளே என்றால் முழுக்க அவிழ்த்துச் சுற்ற வேண்டும். நான் ஒருமுறை ஃபேன் மோட்டார் சுற்றுகிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் இருந்த ஆக மெல்லிய கம்பியே எங்கள் கம்பியைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. பிக்கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மோட்டார் இல்லையே, சுத்தாதே" என்றார். பிக்கப்புக்கு வேண்டிய 42 ஆம் இலக்கக் கம்பி வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று எழுதி வையுங்க, குச்சியின் எந்த முனை வடக்கு என்பதையும் குறியுங்க, இல்லாவிட்டால் மற்றப் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது சத்தம் உறிஞ்சிக்கொண்டு போகும்.

மெழுகில் முக்கினால் பாதுகாப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை, சுருள் உள்ளே ஆடாது, அம்பில் கீச்சிடாது, ஈரமும் குறைவாகப் போகும். கிப்சனின் பழைய இரட்டைச் சுருள்கள் மெழுகில்லாதவை, அதனால்தான் சத்தத்தை ஏற்றினால் கீச்சிடும், கிற்றாரின் உடலைத் தட்டினாலும் ஸ்பீக்கரில் கேட்கும், சிலருக்கு அதுவே உயிர். நான் செய்த கூத்தையும் சொல்கிறேன். கரன்ற் இல்லாத காலம், வீடு நிறைய மெழுகுதிரி. பால்மா ரின்னில் நாலைந்தைப் போட்டு நேராக அடுப்பில் உருக்கி, நல்ல ஹம்பக்கர் ஒன்றை உள்ளே இறக்கினேன். மெழுகு புகைய ஆரம்பித்தபோதே எடுத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் சுருள் சுற்றிய பிளாஸ்ரிக் வாடிய வெற்றிலை மாதிரி ஒரு பக்கம் வளைந்து, திருகாணி ஆறும் ஆறு திசை பார்த்து நின்றது. மெழுகுச் சட்டியைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து, வெப்பமானி போட்டு, 65 பாகைக்கு மேல் விடாமல் பார்க்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் முக்கவே வேண்டாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): பற்றரி போட்ட பிக்கப் நல்லதா? பற்றரி சீக்கிரம் இறங்குகிறது.

பதில்: வாசித்து முடிந்ததும் வயரைக் கிற்றாரிலிருந்து கழற்றுங்க. வயர் குத்தியிருக்கிற நேரம் முழுக்கப் பற்றரி ஓடும், சுவிச்சே அந்த ஓட்டைதான். உங்கள் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

நல்லதா என்றால், 9 வோல்ற் பற்றரியில் ஓடுகிற ஈஎம்ஜி 81 போன்றவை குறைவாகச் சுற்றிய சுருளை உள்ளேயே பெருக்கி அனுப்புகின்றன. இரைச்சல் குறைவு, நீள வயரும் மிக்ஸரும் அவற்றை ஒன்றும் செய்யாது, கல்முனை வாசகர் கவனிக்கலாம். 2014 இல் வந்த பிஷ்மன் புளூவன்ஸில் சுற்றிய கம்பியே இல்லை, சுருளை அச்சுப் பலகையில் அடுக்கடுக்காக அச்சடித்திருக்கிறார்கள், அறுந்துபோகிற பேச்சே வராது. எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு: வொலியூமைக் குறைத்தால் பழைய பிக்கப் மெல்ல நிறம் மாறும், இவை அதே முகத்தோடு சத்தத்தை மட்டும் குறைக்கின்றன. பழைய வொலியூம் குமிழ்களை வைத்துக்கொண்டு இவற்றை மாட்ட வேண்டாம், 250 அல்லது 500 கிலோ ஓம் குமிழுக்குப் பதில் 25 போட வேண்டும்.

கேள்வி (திருக்கோவில்): அப்பாவின் கிற்றார், எழுபதுகளுக்கு முந்தியது, ஜப்பான் சாமான், பெயர்கூட உரிந்துவிட்டது. பிக்கப்பின் மேல் பொன்னிறத் தாள் மாதிரி ஒன்று. கடையில் "இது குப்பை, புதுசு போடுவோம் தங்கச்சி" என்கிறார்கள். போடட்டுமா?

பதில்: வேண்டாம் பிள்ளை. அந்தக் கிற்றாரைத் திரும்பக் கடைக்கும் கொண்டுபோகாதீங்க.

தங்கத்தாள் பிக்கப் என்று அதற்குப் பெயரே உண்டு. அறுபதுகளில் ஜப்பானில் மலிவு விலைக் கிற்றாருக்குச் செய்தது, மெல்லிய தட்டையான காந்தம், குறைந்த சுற்று. ஃபெண்டரும் இல்லை, கிப்சனும் இல்லை, அந்தக் காலத்தில் ஒருவரும் மதிக்கவில்லை. ரை கூடர் என்ற அமெரிக்கக் கிற்றார்க்காரர் அப்படி ஒன்றைத் தன் ஸ்ராற்றில் மாட்டி வாசித்ததைக் கேட்ட பிறகு உலகம் தேட ஆரம்பித்தது, இப்போது பெரிய கம்பனிகளே அதைப் பார்த்துப் புதுசு செய்கின்றன. தந்தியை வழுக்கி வாசித்தால் அழுகிற மாதிரிப் பாடும். இரைச்சல் இருக்கும், ஒற்றைச் சுருள்தான். மெழுகில் முக்க வேண்டாம். தாளின் மேல் ஈரத்துணியும் வேண்டாம், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்க. மீற்றர் ஓம் காட்டுகிறதா என்று பாருங்க, காட்டினால் குமிழ்களுக்குக் கொஞ்சம் கிளீனர் அடித்து, புதுத் தந்தி போட்டு, அப்பாவிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க.